மகன் ஆடக்கூடிய கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள்

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் வசிக்கிறோம். மகனுக்கு 17 வயது. பள்ளி கூடைப்பந்து அணியில் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவன். உயரம் 5 அடி 10 அங்குலம். எந்தக் கல்லூரியும் ஸ்காலர்ஷிப் தரவில்லை. கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான டிவிஷன் 1-இல் ஆடும் பல்கலைக்கழகம் ஒன்று, சொந்தச் செலவில் படிக்க வந்தால் வாக்-ஆன் ஆக அணியில் சேர்ப்போம் என்கிறது. கடைசித் தட்டான டிவிஷன் 3-இல் ஆடும் சின்னக் கல்லூரி ஒன்றின் கோச், முதல் வருடமே ஆட வைப்பேன் என்கிறார். மகனுக்குப் பெரிய பல்கலைக்கழகத்தின் ஜெர்ஸிதான் வேண்டுமாம். அவன் அப்பாவோ, பந்தை விட்டுவிட்டு ஒழுங்காகப் படிக்கச் சொல் என்கிறார். இந்த ஆட்டத்தில் எதிர்காலம் உண்டா? நான் யார் பக்கம் நிற்பது?

பதில்: சகோதரிக்கு வணக்கம். என் பதில் அந்தச் சின்னக் கல்லூரிதான். மகனுக்கு இது பிடிக்காது, அதனால் காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

உயரமான பையனுக்குத் தோள் வலுவையும் குதிக்கும் திறனையும் ஜிம்மில் வளர்த்துவிடலாம். பாயிண்ட் கார்டின் வேலை அப்படி வராது. கல்லூரி ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் 30 விநாடிக்குள் பந்தை வளையத்துக்கு எறிந்தாக வேண்டும். அதற்குள் பந்தை மேலே கொண்டுவந்து, எந்த ஆட்டம் என்று சைகை காட்டி, தடுப்பாளரை மறித்துத் திரை போட வரும் உயரமான வீரனைப் பயன்படுத்தி, இரண்டு தடுப்பாளர்களில் யார் தன்மேல் பாய்கிறார், யார் பின்வாங்குகிறார் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். தவறான பாஸ் ஒன்று போனால் எதிரணிக்கு இரண்டு புள்ளி. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்து யாரும் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வதில்லை. தன் அணி 4 புள்ளி பின்தங்கி, 2 நிமிடம் மட்டும் மிச்சமிருக்கும்போது பந்தைப் பிடித்து நிற்பது ஆடினால் மட்டுமே பழகும்.

பெரிய அணியில் வாக்-ஆன் பையன் பெரும்பாலும் பயிற்சிக்குத்தான் ஆடுவான். அடுத்த எதிரணி எப்படி ஆடுமோ அப்படி ஆடிக் காட்டி, முதல் ஐவரைத் தயார்படுத்துவான். கேவலமான வேலை இல்லை, அதிலும் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஆனால் இப்போது அந்த இடமே உறுதியில்லாமல் போய்விட்டது. முன்பு ஒரு டிவிஷன் 1 ஆண்கள் அணி 13 பேருக்கு ஸ்காலர்ஷிப் தந்துவிட்டு, அதற்கு மேல் வாக்-ஆன்களைச் சேர்த்துக்கொள்ளும். 2025-26 முதல், வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரும் ஏற்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் அணியே மொத்தம் 15 பேர்தான், அந்த 15 இடங்களுக்கும் ஸ்காலர்ஷிப் தரலாம். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வேறு இருக்கிறது. வேறு கல்லூரியில் மூன்று வருடம் ஆடி முதிர்ந்த 22 வயதுக்காரர் கிடைக்கும்போது, பள்ளி முடித்த பையனுக்காகக் காத்திருக்கும் பொறுமை எத்தனை கோச்சுக்கு இருக்கும்?

உங்கள் மகன் சின்னக் கல்லூரியைக் கேவலமாக நினைத்தால் டெரிக் வைட்டைப் பற்றிப் படிக்கச் சொல்லுங்கள். பள்ளி முடித்தபோது எந்த டிவிஷன் 1 கல்லூரியும் அவருக்கு ஸ்காலர்ஷிப் தரவில்லை. கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள டிவிஷன் 2 அணியில் மூன்று பருவங்கள் ஆடினார். அப்புறம்தான் போல்டரில் இருக்கும் கொலராடோ பல்கலைக்கழகம். தொழில்முறை லீக்கான என்பிஏவின் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2017 டிராஃப்டில் 29-வதாகத் தேர்வானார். 2024-ல் பாஸ்டன் செல்டிக்ஸுடன் என்பிஏ பட்டம், அதே வருடம் பாரிஸ் ஒலிம்பிக் தங்கம். கல்லூரியில் சேர்ந்த பிறகு அவர் சில அங்குலம் உயர்ந்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. உங்கள் மகன் வளருவானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று பருவமும் பந்து அவர் கையில் இருந்தது.

வாக்-ஆன் வழியில் போனவர்களையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்திய வம்சாவளிப் பையன் வருண் ராம், உயரம் 5 அடி 9 அங்குலம். கனெக்டிகட்டில் உள்ள டிரினிட்டி என்ற டிவிஷன் 3 கல்லூரியில் தொடங்கி, மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்கு மாறி, வாக்-ஆன் ஆகச் சேர்ந்தார். படித்தது நரம்பு உயிரியல். 2015 மார்ச்சில், கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் போட்டியில் வால்பரைசோ பல்கலைக்கழகத்துக்கு எதிராக மேரிலாந்து 3 புள்ளி முன்னிலை. கடைசி விநாடிகளில் தடுப்பதற்காகவே அவரைக் களத்தில் வைத்திருந்தார்கள். ஆட்டத்தைச் சமன் செய்யும் மூன்று புள்ளி எறிதலுக்கு எதிராளி எழும்பியபோது பந்தைத் தட்டிவிட்டார். 65-62, மேரிலாந்து வென்றது. பார்த்தீர்களா, அவரும் சின்னக் கல்லூரியில் இருந்து வந்தவர்தான்.

இனி உங்கள் கணவரின் கவலை. அது நியாயமானது. என்சிஏஏ அணிகளில் ஆடி டிராஃப்டுக்குத் தகுதிபெறும் ஆண்களில் என்பிஏவுக்குத் தேர்வாகிறவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர். போனாலும் உடம்பும் ஒத்துழைக்க வேண்டும். டியூக் பல்கலைக்கழகத்தின் பாயிண்ட் கார்டு பாபி ஹர்லி 1991, 1992 என இரண்டு தேசியப் பட்டம் வென்றார். 1993-ல் கல்லூரியை முடித்தபோது அவருடைய 1,076 அசிஸ்ட் (கூட்டாளி கூடை போட வழிசெய்யும் பாஸ்) அதுவரை இல்லாத சாதனை. என்பிஏ டிராஃப்டில் ஏழாவது இடம். அதே வருட டிசம்பரில், முதல் பருவத்திலேயே, கார் விபத்தில் உயிர் பிழைத்ததே பெரிது என்றாகிவிட்டது. மீண்டும் ஆட வந்தார், ஆனால் சில வருடங்களில் ஆட்டம் முடிந்தது. பிறகு கோச் ஆனார், 2015-ல் அரிசோனா ஸ்டேட் அணியின் பொறுப்பை ஏற்றார்.

கல்லூரிப் பாயிண்ட் கார்டுகளில் பலர் இந்தத் திசையில் போவது தற்செயல் இல்லை. நான்கு வருடம் மற்ற நால்வரும் எங்கே நிற்க வேண்டும் என்று யோசித்தவர்கள் அவர்கள். மைக் ஷெஷெஃப்ஸ்கி வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியின் பாயிண்ட் கார்டு. என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல், 1,202 வெற்றிகளுடன் 2022-ல் கோச் பதவியிலிருந்து ஓய்வுபெற்றார். அவரிடம் டியூக்கில் பாயிண்ட் கார்டாக இருந்த டாமி அமேக்கரும் என்பிஏவில் ஆடியதில்லை. 2007-ல் ஹார்வர்டு கோச் ஆனார், அங்கே பொருளாதாரம் படித்துக்கொண்டே ஆடிய ஜெரமி லின்னைப் பயிற்றுவித்தார். ஹார்வர்டில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் என்ற பேச்சே கிடையாது. ஆகவே படிப்பா பந்தா என்று உங்கள் வீட்டில் நடக்கும் சண்டை தேவையற்றது. வில்லனோவா பல்கலைக்கழகத்தின் பாயிண்ட் கார்டு ஜேலன் பிரன்சன் மூன்றே வருடத்தில் பட்டப்படிப்பை முடித்தார், அதே மூன்று வருடத்தில் இரண்டு தேசியப் பட்டமும் வென்றார். பயணமும் பயிற்சியும் போக மிச்சமுள்ள நேரத்தில் படிக்க முடிகிற பாடம் எது என்று அப்பாவும் மகனும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

பணத்தைப் பற்றி ஒன்று. டிவிஷன் 3-இல் விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனால் மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி உண்டு. விளம்பரத்தில் போட்டிருக்கும் கட்டணத்தைப் பார்த்துப் பயப்படாமல், உதவி கழித்து நீங்கள் கட்ட வேண்டிய தொகையை இரண்டு இடத்திலும் எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருந்தால், மகன் 21 வயதில் மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். 2021 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றாலும், விசாவில் இருப்பவர்களுக்கு அதில் சிக்கல் உண்டு. வழக்கறிஞரைக் கேட்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

சின்னக் கல்லூரி கோச்சின் வாக்கையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். முதல் வருடமே ஆட வைப்பேன் என்று அவர் இன்னும் எத்தனை பையன்களிடம் சொல்லியிருக்கிறார் என்று நேராகக் கேளுங்கள். இப்போது அணியில் எத்தனை பாயிண்ட் கார்டுகள், அவர்கள் எந்த வருடத்தில் படிக்கிறார்கள் என்பது அணியின் இணையதளத்திலேயே இருக்கும். ஒரு பயிற்சிக்காவது போய் உட்காருங்கள். பந்தைத் தொலைத்த பையனிடம் கோச் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். கத்திவிட்டு உட்கார வைக்கிறவரிடம் பாயிண்ட் கார்டு வளர மாட்டான். என்ன பார்த்தாய் என்று கேட்கிறவராக இருந்தால் யோசிக்காமல் சேருங்கள்.

அந்தப் பயணத்துக்கு உங்கள் கணவரையும் அழைத்துப் போங்கள். பல கல்லூரிகளில் மே 1-க்குள் முன்பணம் கட்டச் சொல்வார்கள். அதற்கு முன் ஒரு வார இறுதியைப் பயிற்சிக்கும், திங்கட்கிழமையை ஒரு வகுப்பில் உட்காரவும் ஒதுக்குங்கள். அங்குள்ள பேராசிரியரிடம் உங்கள் கணவர் பேச வேண்டியதை அவரே பேசட்டும்.