கைவேலை கேள்வி – பதில்

கேள்வி: நவராத்திரிக்கு வரும் சிறுமிகளுக்குக் கையால் செய்த பரிசு தர ஆசை. வீட்டில் பழைய காலண்டர், சாட்டின் ரிப்பன், சணல் நூல் இருக்கின்றன. என்ன செய்யலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: காகித மணி வளையல் செய்யுங்கள். மாதக் காலண்டரின் வழவழத் தாள்தான் இதற்கு லாயக்கு. தினசரித் தாள் ரொம்ப மெலிசு. அடி 2 செ.மீ., நீளம் 25 செ.மீ. உள்ள நீள முக்கோணங்களாக வெட்டி, வண்ணப் பக்கம் வெளியே தெரிய, அகலமான முனையிலிருந்து தீர்ந்துபோன பேனா ரீஃபிலில் இறுக்கிச் சுற்றுங்கள். (ஈர்க்குச்சி என்றால் துளை சின்னதாகிவிடும், சணல் நுழையாது.) கூர்முனை சரியாக நடுவில் வந்து முடியவேண்டும், விலகினால் மணி கோணிக்கொள்ளும். கடைசி நாலு விரற்கடைக்குப் பசை தடவி ஒட்டி, ரீஃபிலை உருவிவிடுங்கள். காய்ந்ததும் நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு.

சணல் நுனியைப் பசையில் தோய்த்துக் காயவிட்டால் ஊசி மாதிரி விறைத்துக்கொள்ளும், கோப்பது சுலபம். சணலின் இரு முனையிலும் ரிப்பனை முடிச்சுப் போட்டுவிட்டால் எந்தக் கைக்கும் அளவாகக் கட்டிக்கொள்ளலாம். ரிப்பன் பாலியெஸ்டர் என்றால் வெட்டிய ஓரத்தை மெழுகுவத்திச் சுடர் அருகே ஒரு நொடி காட்டுங்கள். உருகி ஒட்டிக்கொள்ளும், நூல் பிரியாது. இந்த வேலையை மட்டும் பிள்ளைகளிடம் விடாதீர்கள்.