ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாறினால் 7.5 சதவீதம் கிடைக்குமா?

கேள்வி: என் மகள் மெட்ரிக் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கணவருக்குத் தறி வேலை. எல்.கே.ஜி.யில் 'கவர்ன்மென்ட் சீட்' என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிக் கட்டணம் கேட்டதில்லை. ஆனால் புத்தகம், சீருடை, வேன் என்று வருடா வருடம் கட்டியிருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் சேர்த்தால் மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு கிடைக்குமா? ஆறாம் வகுப்பிலிருந்தே படித்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு கல்வி ஆலோசகர், 15,000 ரூபாய் கொடுத்தால் எமிஸ் என்ற அரசுக் கணினிப் பதிவில் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்று ஏற்றித் தருவதாகச் சொல்லி 3,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார். மகளின் சாதிச் சான்றிதழும் அவரிடம் இருக்கிறது. மீதிப் பணத்தைக் கொடுக்கலாமா?

— ஒரு தாய், நாமக்கல் மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ஒரு ரூபாய் கூட இனிமேல் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது சரியாக இருந்தால், அந்த மனிதர் 15,000 ரூபாய்க்குப் பொய்யாக விற்கப் பார்ப்பதை உங்கள் மகளுக்குச் சட்டம் ஏற்கெனவே இலவசமாகக் கொடுத்திருக்கிறது.

பொது விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏழு ஆண்டுகளும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே இந்த ஒதுக்கீடு. நீட் வந்தபின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரி வாசலையே எட்டிப் பார்க்க முடியாமல் போனதால், நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 2020 அக்டோபரில் மருத்துவப் படிப்புகளுக்கு இது வந்தது. குழு சொன்னது 10 சதவீதம். அரசு கொடுத்தது 7.5. அந்த ஒரே ஆண்டில் 300க்கு மேற்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் நீட்டித்தார்கள். அங்கே கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது.

உங்கள் மகள் ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் மெட்ரிக் பள்ளியில் படித்திருக்கிறாள். அப்படியானால் கதை முடிந்ததா? இல்லை. சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை என்பதால் நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினரின் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். ஆர்.டி.இ. சீட் என்பது இதைத்தான். அந்தப் பிள்ளைக்கான கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. ஆனால் இந்தச் சலுகை எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளை அரசுப் பள்ளிக்குத்தான் வர வேண்டும். அரசே தன் செலவில் தனியார் பள்ளியில் உட்காரவைத்த பிள்ளையை, 'நீ ஆறாம் வகுப்பில் எங்களிடம் இல்லையே' என்று பிறகு தள்ளிவிடுவது அநியாயம் அல்லவா? அதனால்தான் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்: எட்டாம் வகுப்பு வரை ஆர்.டி.இ. இடத்தில் தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கும் 7.5 சதவீதம் உண்டு. கல்லூரி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்திலும் இதே விதிவிலக்கு இருக்கிறது.

இப்போது உங்கள் வேலை ஒன்றுதான். எல்.கே.ஜி.யில் கிடைத்த அந்த 'கவர்ன்மென்ட் சீட்' உண்மையிலேயே ஆர்.டி.இ. சீட்தானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஏன் சந்தேகப்படுகிறேன் என்றால், சில பள்ளி நிர்வாகங்கள் தாங்களாகக் கொடுக்கும் கட்டணத் தள்ளுபடியையும் 'கவர்ன்மென்ட் சீட்' என்றே வாய்க்கு வந்தபடி சொல்லிவைக்கும். தள்ளுபடி வேறு, ஆர்.டி.இ. வேறு. சேர்த்த நாளை நினைத்துப் பாருங்கள். வருமானச் சான்றிதழோ சாதிச் சான்றிதழோ கேட்டார்களா? வீடு பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று முகவரிச் சான்று பார்த்தார்களா? குலுக்கலில் பெயர் வந்ததா? அறிவிப்புப் பலகையில் தேர்வானவர்கள் பட்டியல் ஒட்டினார்களா? இவற்றில் இரண்டு மூன்று நினைவுக்கு வந்தாலே பெரும்பாலும் ஆர்.டி.இ.தான். புத்தகம், சீருடைக்குப் பணம் வாங்கினார்களே என்று குழம்ப வேண்டாம். அது பள்ளி செய்த தவறு. அதனால் உங்கள் மகளின் தகுதி போய்விடாது. இன்னொன்று, இடையில் ஒரு தனியார் பள்ளியிலிருந்து வேறொரு தனியார் பள்ளிக்கு மாற்றியிருந்தால் நிலைமை வேறு. நீங்கள் அப்படி எழுதவில்லை.

உறுதிப்படுத்துவது எப்படி? பள்ளி முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். 'இந்த மாணவி எல்.கே.ஜி.யில் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்க்கப்பட்டு, எட்டாம் வகுப்பு வரை அதே ஒதுக்கீட்டில் பயின்றார்' என்று வகுப்பு, கல்வியாண்டு வாரியாகப் படிப்புச் சான்றிதழ் வேண்டும். மாற்றுச் சான்றிதழ் மட்டும் போதாது. இந்த விவரம் அதில் பெரும்பாலும் இருக்காது. இழுத்தடித்தால் மாவட்டக் கல்வி அலுவலர் அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே தனியார் பள்ளிகளுக்கென்றே ஓர் அலுவலர் இருக்கிறார். உங்கள் மகள் பெயரைக் காட்டித்தானே பள்ளி ஆண்டுதோறும் அரசிடம் பணம் கேட்டிருக்கிறது? அந்தப் பட்டியலில் பெயர் இருந்தே தீர வேண்டும். இதை இந்த மாதமே வாங்கிவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து, கலந்தாய்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது போனால், முதல்வர் மாறியிருப்பார், எழுத்தர் விடுப்பில் இருப்பார், பழைய பதிவேடு மாடிப்படிக்கு அடியில் கிடக்கும்.

பள்ளியில் வேறொரு பேச்சு கட்டாயம் வரும். 'இத்தனை வருடம் இங்கே படித்த பிள்ளை, ஒன்பதாம் வகுப்புக்குப் பாதிக் கட்டணம் கட்டினால் போதும், எதற்கு மாற்றுகிறீர்கள்' என்பார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விளம்பரத்துக்காக விட மனம் வராது அவர்களுக்கு. பாதிக் கட்டணம் கட்டி ஒன்பதாம் வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டுப் பத்தாம் வகுப்பில் மாறினால் விதிவிலக்கு போய்விடும். ஒன்பதாம் வகுப்பின் முதல் நாளிலிருந்து அரசுப் பள்ளியில் இருக்க வேண்டும். கட்டண பாக்கி என்று சொல்லி மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைப்பார்களோ என்ற பயமும் வேண்டாம். அப்படிச் செய்யக் கூடாது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, எந்தப் பள்ளியில் சேர்ப்பது? இங்கேதான் நான் பார்த்ததிலேயே பெரிய படுகுழி இருக்கிறது. நான் தலைமை ஆசிரியராக இருந்தபோது, கலந்தாய்வுக்குப் போக ஒரு பையன் படிப்புச் சான்றிதழ் கேட்டு வந்தான். பதினொன்றும் பன்னிரண்டும் எங்களிடம். அதற்கு முன் ஆறிலிருந்து பத்து வரை பக்கத்து ஊர்ப் பள்ளி. விலையில்லாப் பாடநூல், சீருடை, மதிய உணவு, எல்லாம் அங்கே உண்டு. கட்டணம் கிடையாது. ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து. அவன் அப்பா அதை அரசுப் பள்ளி என்றே நினைத்திருந்தார். பள்ளியின் பெயர்ப்பலகையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். பெயருக்குக் கீழே, சாமி படத்துக்கும் நிறுவனர் பெயருக்கும் நடுவில், சின்ன எழுத்தில் 'அரசு உதவி பெறும்' என்று இருந்தது. அந்தச் சின்ன எழுத்தில்தான் போயிற்று அவன் இடம். உதவி பெறும் பள்ளிகளுக்கும் இதைக் கொடுக்க வேண்டும் என்று வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, அரசுப் பள்ளிகளுக்கான 7.5 சதவீதம் செல்லும் என்று சொன்னது. ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலத்துறை, கள்ளர் சீரமைப்புத் துறை நடத்தும் பள்ளிகள் அரசுப் பள்ளிகளாகவே கணக்கில் வரும். 'அரசு உதவி பெறும்' என்ற சொல் பலகையில் எங்கிருந்தாலும் அந்த வாசலில் கால் வைக்காதீர்கள். புதுமைப்பெண் மட்டும் உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியருக்கும் பின்னர் நீட்டிக்கப்பட்டது. அதைக் கேள்விப்பட்டு 7.5க்கும் அதுவே விதி என்று நினைத்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

அரசுப் பள்ளியில் சேர்க்கும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை இருக்கிறதா? உயிரியல் பாடப்பிரிவு இருக்கிறதா? பத்தோடு முடியும் உயர்நிலைப் பள்ளி என்றாலும் பரவாயில்லை, அங்கிருந்து இன்னோர் அரசுப் பள்ளிக்கு மாறலாம். ஆங்கிலவழிப் பிரிவு உள்ள அரசுப் பள்ளிகள் நிறைய இருக்கின்றன. எந்த வழியில் படித்தாலும் 7.5 சதவீதத்துக்குத் தடையில்லை. கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் நிரந்தரமாக இருக்கிறாரா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள், அவர்கள் உண்மையைச் சொல்வார்கள்.

ஆலோசகரின் எமிஸ் வித்தையைப் பற்றி. எமிஸ் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் கொடுத்து எங்கே படிக்கிறது என்று பதிந்துவைக்கும் அரசுக் கணினி ஏடு. ஒரு பள்ளி பிள்ளையை விடுவித்தால் பெயர் 'காமன் பூல்' என்ற இடத்துக்குப் போகும். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். உங்கள் மகள் ஆறாம் வகுப்பில் மெட்ரிக் பள்ளியில் இருந்தது அதில் இருக்கிறது. வெளியில் இருக்கும் அந்த ஆலோசகர் அதை மாற்ற முடியாது. அவர் தரக்கூடியது ஒரு போலிப் படிப்புச் சான்றிதழ். அதைக் காட்டினால் மூன்று ஆண்டு படித்தபின் கூட இடம் பறிபோகும், வழக்கும் வரும். மாட்டிக்கொள்வது உங்கள் மகள். அவர் அப்போது கடையை வேறு தெருவுக்கு மாற்றியிருப்பார். இதே ஆட்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் மறுபடி வருவார்கள். '7.5 பிள்ளைக்கு எந்தக் கல்லூரியிலும் இலவசம், நேரடியாகச் சேர்த்துவிடுகிறேன்' என்பார்கள். கலந்தாய்வில் ஒதுக்கப்பட்ட இடத்துக்குத்தான் அரசு பணம் கட்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் முழுக் கட்டணமும் உங்கள் தலையில். கமிஷன் அவர் பையில்.

எனக்குக் கோபம் அவர் மேல் மட்டும் இல்லை. ஆர்.டி.இ. பணத்தை யார் கொடுப்பது என்று டெல்லியும் சென்னையும் மல்லுக்கட்டிய காலத்தில் தனியார் பள்ளிகள் பெற்றோரின் மடியைப் பிடித்தன. மாநிலக் கல்விக் கொள்கை என்று 2025 ஆகஸ்டில் விழா எடுத்து வெளியிட்டார்கள். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியது போன்ற நல்ல காரியங்கள் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கொள்கை பிள்ளைக்குப் பயன்பட வேண்டுமானால் உரிய வகுப்பில் உரிய தாள் கைக்கு வர வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையின் பெற்றோருக்கும், எட்டாம் வகுப்பு முடிக்கும் ஆர்.டி.இ. பிள்ளையின் பெற்றோருக்கும் இந்த விதியை ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்? அரசு யார் யாருக்குக் கட்டணம் கட்டியது என்ற பட்டியல் அரசிடமே இருக்கிறது. அதை எடுத்து அந்த வீடுகளுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். நான் பணியில் இருந்தவரை அப்படியொரு தாள் வந்து நான் பார்த்ததில்லை. தாள் வராத இடத்தில் ஏஜென்ட் வருகிறார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐந்தாண்டுகளுக்குள் இந்த ஒதுக்கீட்டை மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும் அதே 2022 தீர்ப்பு சொல்லியிருக்கிறது. உங்கள் மகள் பன்னிரண்டு முடிக்க இன்னும் நான்கு ஆண்டுக்கு மேல் இருக்கிறது. மருத்துவத்துக்கு நீட் எழுதியே ஆக வேண்டும். ஆகவே இடம் உறுதி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கட்டணம் கட்ட முடியாத வீட்டுக்கு, அரசுப் பள்ளிக்கு மாறுவதால் போவது ஒன்றுமில்லை.

விசாரித்ததில் அது ஆர்.டி.இ. சீட் இல்லை என்று தெரிந்தால், 7.5 உங்களுக்குக் கிடையாது; புதுமைப்பெண்ணும் கிடையாது. அப்போதும் அந்த ஆலோசகரிடம் போகாதீர்கள்.

கொடுத்த 3,000 ரூபாய் திரும்பி வருமென்று நான் நினைக்கவில்லை. சாதிச் சான்றிதழுக்காக அவர் கடை வாசலில் நிற்க வேண்டாம். அது இ-சேவை வழியாக இணையத்தில் வாங்கியதாக இருந்தால், அதே விண்ணப்ப எண்ணைக் கொண்டு எந்த இ-சேவை மையத்திலும் மறுபடி அச்சிட்டுக்கொள்ளலாம். பழைய அட்டைச் சான்றிதழாக இருந்தால், அதைத் திருப்பித் தரும்படி எழுதிக் கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். தரவில்லையென்றால் அந்த நகலோடு காவல் நிலையம் போங்கள். இனி எந்த அசல் சான்றிதழையும் கலந்தாய்வு மேசையைத் தவிர வேறெங்கும் கொடுக்காதீர்கள்.