பச்சை மூடிக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: நான் டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். மாதம் ஒரு முறை ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் மகள் வீட்டுக்குக் காரில் போவேன். டயருக்கு நைட்ரஜன் அடித்தால் சூட்டில் விரியாது என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா ஐயா? காற்றே போதாதா?

பதில்: தாராளமாகப் போதும். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். வால்வில் பச்சை மூடி போட்டுக் கடைக்காரர் விற்பது அதன் மிச்சப் பங்கைத்தான்.

சூட்டில் விரியாது என்பது சுத்தப் பொய். எந்த வாயுவும் சூடானால் ஏறக்குறைய ஒரே அளவுதான் அழுத்தம் கூடும். காலையில் 2.2 பார் (அழுத்தத்தின் அளவு) காட்டிய டயர், நெடுஞ்சாலையில் ஓடி 30 டிகிரி சூடேறினால் 2.5 காட்டும். நைட்ரஜனும் அதையேதான் காட்டும். ஈரம் நிறைந்த கம்ப்ரசர் காற்றாக இருந்தால் கொஞ்சம் வித்தியாசம் வரும், அவ்வளவுதான்.

டயருக்குள் வாயு எதற்கு என்றால், காரைச் சுமப்பதே அதுதான். ரப்பர் பெரும்பாலும் பைதான். கார் 1,200 கிலோ என்றால் ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ. 2.2 பாரில் அதைத் தாங்க, ரோட்டில் பதியும் இடம் சுமார் 135 சதுர சென்டிமீட்டர். விரல்களோடு சேர்த்து உங்கள் ஒரு கை அளவுதான்! பள்ளத்தில் இறங்கினால் வாயு சுருங்கி, உடனே பழையபடி விரியும். தண்ணீரோ கட்டி ரப்பரோ அப்படிச் சுருங்காது.

நைட்ரஜனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: கொஞ்சம் மெதுவாகக் கசியும். அமெரிக்காவில் ஒரு நுகர்வோர் பத்திரிகை 30 பிஎஸ்ஐயில் (சுமார் 2.1 பார்) தொடங்கி ஓராண்டு சோதித்தது. காற்று அடித்த டயரில் 3.5 குறைந்தது, நைட்ரஜனில் 2.2. நைட்ரஜனுக்காக மெனக்கெடுவது விமானத்துக்குச் சரி. அங்கே பிரேக் சூட்டில் ஆக்சிஜன் தீயைத் தூண்டிவிடக் கூடாது. நமக்கு, காற்று அடித்துவிடும் பெட்ரோல் நிலையத்துப் பையனுக்குக் கொடுக்கும் டிப்ஸே போதும்.

உங்கள் பயணத்தில் கவனிக்க வேண்டியது வேறு. டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் தாண்டிப் போய்ச் சேரும் ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் டயருக்குள் ஒன்றுமே மாறாவிட்டாலும் அழுத்தம் அளக்கும் கேஜ் சுமார் 0.18 பார் கூடுதலாகக் காட்டும். குளிர்காலக் காலையில் குளிர் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அப்போது கேஜ் அவ்வளவாக ஏறாது. கோடையில் ஏறும். அதைப் பார்த்துப் பதறிக் காற்றை இறக்கினால், டர்பன் திரும்பும்போது டயர் குறைவாக நிற்கும். சூடாக இருக்கும்போது இறக்குவது அதைவிடத் தப்பு.

சரி, என்ன செய்யலாம்? புறப்படும் நாள் காலை, வண்டி ஓட்டுவதற்கு முன், கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து அடியுங்கள். மகள் வீட்டுக்கு மூட்டை முடிச்சோடு போனால் அதில் முழுச் சுமைக்கு என்று தனி அளவு இருக்கும், அதை எடுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் காற்று அடித்தால், ஊர் திரும்பிய மறுநாள் காலை மறுபடி பாருங்கள். ஏற்கெனவே நைட்ரஜன் அடித்துவிட்டீர்களா? மேலே சாதாரணக் காற்றே அடிக்கலாம், ஒன்றும் ஆகாது. அப்புறம், பின்னால் கிடக்கும் ஸ்பேர் டயரையும் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள்.