அம்மாவுக்கு வால்வு ஆபரேஷன். எக்கோவில் 'இடது பக்கம் கூடுதலாக ஒரு பெருஞ்சிரை' என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

அந்தச் சிரையை நினைத்துப் பயப்பட வேண்டாம். உங்கள் அம்மாவுக்கு 58 வயது என்கிறீர்கள். இத்தனை வருஷம் அது ஒரு தொந்தரவும் தரவில்லை, அநேகமாக இனியும் தராது. ஆனால் தியேட்டரில் நிற்கப்போகிற ஒவ்வொருவருக்கும் அது இருப்பது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

நான் டாக்டர் இல்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் 14 வருஷமாகப் பெர்ஃப்யூஷனிஸ்ட். இதயத்தை நிறுத்தி ஆபரேஷன் செய்யும் நேரத்தில் ஹார்ட்-லங் மெஷினை ஓட்டுகிற ஆள். எந்தக் குழாயில் எவ்வளவு ரத்தம் வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பிழைப்பு.

நம் வீடுகளில் இதை 'கூடுதல் நரம்பு' என்பார்கள். நரம்பு இல்லை, சிரை. கெட்ட ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். கருவில் நம் எல்லோருக்குமே மேல்பக்கம் இடதும் வலதுமாக இரண்டு பெருஞ்சிரைகள் இருந்தவைதான். பிறகு நடுவில் ஒரு குறுக்குச் சிரை உண்டாகி, இடது பக்க ரத்தமும் வலப்பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். வேலையில்லாமல் போன இடது சிரை சுருங்கி நாராகிவிடும். சிலருக்கு அது சுருங்காமலே நின்றுவிடுகிறது. பொதுவாக 1,000 பேரில் 3 முதல் 5 பேருக்கு இப்படி. தைப்பூசத்துக்கு உம்கேனி ரோடு கோயிலில் கூடும் கூட்டத்திலேயே பல பேருக்கு இருக்கும், அவர்களுக்கே தெரியாது. பிறவி இதயக் கோளாறு உள்ளவர்களில் இது 100-க்கு 3 முதல் 10 வரை போகும்.

இருக்கிறவர்களில் 10-ல் 9 பேருக்கு அந்தச் சிரை இதயத்தின் பின்பக்கம் இறங்கி, கொரோனரி சைனஸ் என்ற குழாயில் சேர்ந்து, வலது மேலறைக்கே வந்துவிடும். சுற்று வழிதான், சேருமிடம் சரி. மீதிப் பேருக்கு இடது மேலறையில் திறக்கும். அது வேறு கதை: கெட்ட ரத்தம் நல்ல ரத்தத்தோடு கலக்கும், கையில் ஏற்றும் டிரிப்பில் ஒரு காற்றுக் குமிழி போனாலும் மூளைக்குப் போய்விடலாம். அம்மாவுக்கு இதில் எது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. இரண்டு சிரிஞ்சுகளை ஒரு மூவழித் திருகில் மாட்டி, சலைன் தண்ணீரையும் துளி காற்றையும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வேகமாகத் தள்ளுவார்கள். தண்ணீர் மோர் மாதிரி வெளுத்துவிடும். அதை இடது கையில் ஏற்றிவிட்டு எக்கோ திரையைப் பார்த்தால், வெள்ளைக் குமிழிகள் முதலில் கொரோனரி சைனஸில் மின்னி, அப்புறம் வலது மேலறைக்குள் பொங்கும். இடது மேலறையில் முதலில் தெரிந்தால் அந்த இன்னொரு வகை.

தெரியாமல் போனால் என்ன ஆகும்? ஒரு முறை பார்த்திருக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரி. சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த ஒரு அம்மா, சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலில் மைட்ரல் வால்வு கெட்டுப்போனவர். இந்த நாட்டில் வால்வு கெடுவதற்கு அது ரொம்ப சகஜமான காரணம். ரத்தத்தை என் மெஷினுக்கு இழுக்க, மேற்பெருஞ்சிரையில் ஒரு கேனுலா (குழாய்), கீழ்ப்பெருஞ்சிரையில் ஒன்று. இரண்டையும் சுற்றி நாடா போட்டு இறுக்கியாயிற்று. இனி வலது மேலறைக்குள் ரத்தம் வரக்கூடாது. சர்ஜன் அறையைத் திறந்தார். உள்ளே கருஞ்சிவப்பாக ஊற்று மாதிரி நிறைந்துகொண்டே வந்தது. துடைத்தால் மறுபடி நிறையும். யாருக்கும் தெரியாத இடது சிரையின் ரத்தம் அது. இங்கே என் மெஷினில் ரத்தம் வந்து சேரும் தொட்டியில் (ரிசர்வாயர்) மட்டம் இறங்க ஆரம்பித்தது. "லெவல் இறங்குது" என்றேன். அலாரமும் கத்தியது. கொரோனரி சைனஸ் வாயில் உறிஞ்சுகுழாயை வைத்து இழுத்ததும்தான் ரத்தம் என் பக்கம் திரும்பியது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஆனால் எனக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. பிறகு எக்கோ ரிப்போர்ட்டைப் புரட்டினால், இரண்டாம் பக்கத்தில் 'கொரோனரி சைனஸ் விரிந்திருக்கிறது' என்று ஒரே ஒரு வரி. நான் உட்பட ஒருவரும் படிக்கவில்லை.

முன்பே தெரிந்தால் இது ஒரு பிரச்சினையே இல்லை. இடது சிரைக்கும் மூன்றாவதாக ஒரு கேனுலா போடலாம். குறுக்குச் சிரை நன்றாக இருந்தால், அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே இடது சிரையைத் தற்காலிகமாக இறுக்கலாம். குறுக்குச் சிரை இல்லாமல் இறுக்கினால் தலையிலிருந்து ரத்தம் வடிய வழியில்லாமல் மூளைக்குக் கேடு.

இன்னொன்று, என் தொழிலில் இதுதான் முக்கியம் என்பேன். இதயத்தை நிறுத்த, பொட்டாசியம் கலந்த கார்டியோபிளீஜியா என்ற குளிர்ந்த மருந்துக் கரைசலைக் கொடுக்கிறோம். சில சமயம் அதைக் கொரோனரி சைனஸ் வழியாகப் பின்னாலிருந்து செலுத்துவது வழக்கம். இடது சிரை இருந்தால் மருந்து இதயத் தசைக்குப் போகாமல் அந்தச் சிரை வழியாக மேலே ஓடிவிடும். நாமோ தசை பாதுகாப்பாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்போம். இவர்களுக்கு முன்வழியாக, பெருந்தமனி பக்கமிருந்து கொடுப்பதே சரி.

இதற்குப் பங்காளிகளும் உண்டு. சிலருக்குக் கீழ்ப்பெருஞ்சிரை கல்லீரலுக்குக் கீழேயே அறுந்து, ரத்தம் முதுகோரமாக அசைகஸ் சிரையில் ஏறி வரும். அந்த அசைகஸைத் தெரியாமல் கட்டிவிட்டால் உயிருக்கே ஆபத்து. சிலருக்கு நுரையீரல் சிரை ஒன்று மேற்பெருஞ்சிரையில் சேர்ந்திருக்கும். கூடவே மேலறைகளுக்கு நடுச்சுவரில் இருக்கும் ஓட்டையை மட்டும் அடைத்து அனுப்பினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் சர்ஜனிடமும், அனஸ்தீஷியா டாக்டரிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஒருவரிடம் சொன்னால் மற்றவருக்குப் போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள். சிரை எங்கே சேர்கிறது, குறுக்குச் சிரை இருக்கிறதா என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் சி.டி. எடுக்கச் சொல்வார்கள். பின்னாளில் பேஸ்மேக்கர் தேவைப்பட்டாலும் இந்தத் தகவல் வேண்டும். வழக்கமாக இடது தோள் பக்கம்தான் வயரை நுழைப்பார்கள், இவர்களுக்கு அது சுற்றி வளைந்து போக வேண்டியிருக்கும்.

அந்த சாட்ஸ்வொர்த் அம்மா பிழைத்துக்கொண்டார். வார்டில் போய்ப் பார்த்தபோது மகனுக்குத் தமிழ் வரவில்லை, அம்மாவிடம்தான் பேசினேன். "எனக்கு மட்டும் ரெண்டா தம்பி?" என்று கேட்டுச் சிரித்தார். ஒரு துண்டுக் காகிதத்தில் விவரத்தை எழுதிக் கொடுத்து, எந்த டாக்டரிடம் போனாலும் காட்டச் சொன்னேன். இரண்டு வருஷம் கழித்துக் கோயிலில் அன்னதான வரிசையில் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார். கைப்பையிலிருந்து பர்ஸ், பர்ஸிலிருந்து விபூதிப் பொட்டலம், அதற்கும் கீழே அந்தக் காகிதம், பிளாஸ்டிக் உறை போட்டு. "பல் டாக்டர்கிட்டகூட காட்டிட்டேன்" என்றார்.