அரசு வேலையும் கஞ்சா சோதனையும்: வாசகர் கேள்விகள்

கே: கலிஃபோர்னியாவில் மாநகராட்சி எழுத்தர் நான். வார இறுதியில் கஞ்சா மிட்டாய் சாப்பிட்டேன். சோதனை வந்தால் வேலை போகுமா?

ப: சிறுநீரில் பழைய மிச்சம் தெரிந்தது என்பதற்காக மட்டும் உங்களை நீக்க முடியாது; 2024 ஜனவரி 1 முதல் மாநிலச் சட்டம் அதைத் தடுக்கிறது. வேலை நேரத்தில் போதையில் இருந்தால் அந்தச் சட்டம் துணைக்கு வராது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கு இந்தப் பாதுகாப்பே இல்லை. எப்போதும் சொல்வதுதான்: முதலில் பதவியைப் பாருங்கள்.

கே: நகரப் பேருந்து ஓட்டுகிறேன். எனக்கும் சலுகை உண்டா?

ப: கிடையாது. வணிக ஓட்டுநர் உரிமம் என்றால் ஃபெடரல், அதாவது அமெரிக்க மத்திய அரசின், போக்குவரத்துத் துறை விதிதான்; அது கஞ்சாவை அனுமதிப்பதில்லை. மருத்துவர் சீட்டும் உதவாது.

கே: நான் மேற்பார்வையாளர். பாசிட்டிவ் வந்தாலே போதையோடு வேலைக்கு வந்தார் என்றுதானே அர்த்தம்?

ப: இல்லவே இல்லை. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி திரும்ப வருகிறது. போதை தருவது கஞ்சாவில் உள்ள டிஹெச்சி என்ற வேதிப்பொருள். ஆய்வகம் சிறுநீரில் தேடுவதோ, கல்லீரல் அதை உடைத்தபின் மிஞ்சும் போதையற்ற பொருளை. டிஹெச்சி கொழுப்பில் தங்கி மெல்ல வெளியேறும். அதனால் தினமும் பிடித்தவர் நிறுத்தி ஒரு மாதம் ஆனாலும் மாட்டலாம். எப்போதாவது பிடிப்பவர் காலையில் வண்டியில் பிடித்துவிட்டு நேரே வந்தால், முதல் ஓரிரு மணி நேரத்தில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். இதை வைத்தா ஒரு குடும்பத்தின் சம்பளத்தை நிறுத்துவது?

அதிலும் நீங்கள் அரசு. அரசு சிறுநீர் கேட்பதும், நியாயமற்ற சோதனையிடலிலிருந்து மக்களைக் காக்கும் அரசமைப்பின் 4-வது திருத்தத்துக்குள் வரும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. துப்பாக்கி ஏந்தும் சுங்க அதிகாரிகளுக்கு அனுமதித்தார்கள், சரி. ஆனால் ஓரிகனின் வுட்பர்ன் நகர நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலைக்கு வந்தவரிடம் கேட்டது செல்லாது என்று 2008-ல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆள் தள்ளாடுகிறாரா, பேச்சு குழறுகிறதா, வேலையில் என்ன தவறு நடந்தது என்று தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். நடவடிக்கைக்கு அதுதான் ஆதாரம்.

கே: அரசு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். சோதனை உண்டா?

ப: எந்த ஊர், எந்தப் பதவி? இரண்டையும் எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? ஃபெடரல் வேலை என்றால், ஊழியர்கள் சட்டவிரோதப் போதைப்பொருளைத் தொடக்கூடாது, விண்ணப்பிப்பவரையும் சோதிக்கலாம் என்ற அதிபர் ரீகனின் 1986 ஆணை இருக்கிறது. நியூயார்க் நகரம் என்றால், காவல்துறை போன்ற சில பதவிகள் நீங்கலாக, 2020 மே முதல் வேலைக்கு முந்தைய கஞ்சா சோதனைக்குத் தடை. மறுபடியும் சொல்கிறேன், பதவியைப் பாருங்கள்.

கே: கிரீன் கார்டில் இருக்கிறேன். மாநிலச் சட்டம் காப்பாற்றுமா?

ப: வேலையை, ஓரளவு. குடியுரிமை விண்ணப்பத்தை இல்லை. மாநிலம் அனுமதித்த கஞ்சாவே ஆனாலும் விண்ணப்பம் மறுக்கப்படலாம் என்று குடியேற்றத் துறை 2019-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. வழக்கறிஞரைக் கேட்காமல் படிவத்தில் கை வைக்காதீர்கள்.