கற்பனை உலக மேசை விளையாட்டுகளில் உங்களுக்குப் பிடித்த ஓவியர் யார்? ஏன்?

டேவிட் டிராம்பியர். ஒரே ஒரு படத்தைக் காட்டச் சொன்னால், 1978-இல் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ என்ற விதிப்புத்தகத்தின் அட்டையைக் காட்டுவேன்.

இந்த விளையாட்டு பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியே கதையைக் கொண்டுபோவது இது. நடத்துபவர் ஒரு காட்சியைச் சொல்லிவிட்டு, “இப்ப என்ன பண்றீங்க?” என்று கேட்பார். நினைத்தது நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்குத் தலைப்பிள்ளை.

என்னை இதற்குள் இழுத்துவந்தவர் டிராம்பியர் இல்லை, ரஸ் நிக்கல்சன். ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் ‘தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்’ கிடைத்தது. நிக்கல்சன் படம் வரைந்து 1982-இல் முதலில் வெளிவந்த, தனியாகவே ஆடக்கூடிய கதைப் புத்தகம். மொத்தம் 400 பத்திகள். ஒரு பத்தியைப் படித்துவிட்டு, எடுக்கிற முடிவுக்குத் தகுந்த எண்ணுக்குப் புரட்டிப் போக வேண்டும். அன்றைக்கு என் ஆங்கிலத்துக்குப் பாதி வாக்கியம் பிடிபடவில்லை. படங்களைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்தேன். நிக்கல்சன் பேனா சும்மா விட்ட இடமே கிடையாது. சுவர்க்கல், தோல் சுருக்கம், கந்தல் துணியின் நூல் என்று எல்லாவற்றிலும் கோடும் புள்ளியுமாக இழைத்திருப்பார். 1981-இல் வந்த ‘ஃபீண்ட் ஃபோலியோ’ என்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பூதத் தொகுப்பில் அவர் வரைந்த பூதங்களைப் பிற்பாடு பார்த்தபோது, பழைய ஆளைத் தெருவில் கண்ட மாதிரி இருந்தது. 2023-இல் அவர் காலமான செய்தி வந்த அன்று ராத்திரி அந்தப் புத்தகத்தைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் நான் திருப்பூருக்கு வந்து, பனியன் பிரிண்டிங் பட்டறையில் டிசைன் வேலைக்குச் சேர்ந்தேன். டிராம்பியரைப் புரியவைத்தது இந்தத் தொழில்தான். எங்களுக்கு ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்கிரீன், அதாவது மையைத் துணியில் இறக்குகிற வலைச்சட்டம். கலர் கூடக்கூடச் செலவு கூடும். கோடு ரொம்ப மெல்லிசாக இருந்தால் மை அடைத்துக்கொள்ளும். ஒரே கறுப்பில் ஒரு படம் நிற்க வேண்டும் என்றால், எங்கே கறுப்பு போடுவது என்பதைவிட எங்கே துணியைச் சும்மா விடுவது என்பதுதான் கேள்வி. அந்தக் கால விதிப்புத்தகங்களின் உள்பக்கங்களும் ஒரே கறுப்பு மைதான். 1979-இல் வந்த ‘டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடி’ல் டிராம்பியரின் ஒரு படம் இருக்கிறது. எமிரிகோல் என்ற மந்திரவாதி குறுகலான தெருவில் குதிரையை விரட்டிக்கொண்டே மந்திரத்தை ஏவுகிறான். நிழலைக் கட்டிகட்டியாக வைத்து, வெளிச்சத்துக்குத் தாளையே விட்டிருக்கிறார். அப்படியே ஃபிலிம் எடுத்து ஸ்கிரீன் போடலாம், ஒரு கோடு கெடாது. என்னிடம் வேலை பழகுகிற பையன்களுக்கு முதலில் காட்டுவது அந்தப் படத்தைத்தான்.

சரி, அட்டைப் படத்துக்கு வருகிறேன். தீ எரியும் கலத்தை ஏந்தி ஒரு பெரிய கொம்பு வைத்த சிலை உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பேர் மேலே ஏறி அதன் கண்ணில் இருக்கும் ரத்தினத்தைப் பெயர்க்கிறார்கள். கீழே பல்லி மனிதர்களின் பிணங்களை இழுத்துப் போடுகிறார்கள். ஒருவன் வாளைத் துடைக்கிறான், சிலர் வரைபடத்தைப் பார்த்து ஏதோ பேசிக்கொள்கிறார்கள். சண்டை முடிந்துபோயிருக்கிறது. வேறு எந்த ஓவியராக இருந்தாலும் ஐந்து நிமிஷம் முன்னால் நடந்த சண்டையைத்தான் வரைந்திருப்பார். 1983-இல் சிவப்புப் பெட்டியில் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு லாரி எல்மோர் வரைந்த அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வீரன் முதுகைக் காட்டி நிற்க, எதிரே செந்நிற டிராகன் வாயைப் பிளக்கும். அருமையான ஓவியம், இந்த விளையாட்டுக்கு எத்தனையோ பேரை இழுத்து வந்த படம். ஆனால் அதில் அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்துவிடும், அடிதடிதான். டிராம்பியர் படத்தில் நமக்கு ஒரு இடம் காலியாக இருக்கிறது.

இதை வாயால் சொல்வதைவிட, எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு என்பதால் மத்தியானத்துக்கு மேல் என் வீட்டில் ஆறு பேர் கூடுவோம், எல்லாம் தமிழில்தான். ஒருவர் பவானிப் பக்கத்துக்காரர், கட்டிங் மாஸ்டர், ஐம்பதைத் தாண்டியவர். அந்த அட்டையை நடுவில் வைத்து, “நீங்க இந்த இடத்துல நிக்கறீங்க, என்ன பண்றீங்க?” என்றேன். என் தங்கை உடனே, “அந்த இன்னொரு கண்ணு எனக்கு” என்றாள். மாஸ்டர் படத்தைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, இது சாமிங்களா?”

“ஆமாங்ணா, அவங்க கும்பிடற சாமி.”

“அப்ப இங்க செத்துக் கெடக்கறது பூசாரிங்களா?”

எனக்குப் பதில் வரவில்லை. இத்தனை வருஷமாக அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன், பல்லி மனிதர்களை வெறும் காவலாக மட்டுமே நினைத்திருந்தேன். மாஸ்டருக்கு முனியப்பன் குலதெய்வம். முழித்த கண்ணும் முறுக்கு மீசையுமாக வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சாமிக்கு முன்னால் கெடா வெட்டி வளர்ந்தவர். சிலையின் கண்ணில் கை வைப்பதை அவரால் பொருள் எடுப்பதாகப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு ஆட்டம் அப்படியே திரும்பிவிட்டது. பிணங்களை அடக்கம் செய்வதா, எந்த முறைப்படி செய்வது, ரத்தினத்தைத் திருப்பி வைத்தால் சாமி கோபம் தணியுமா என்று ராத்திரி ஒன்பது மணி வரை விவாதம். நாலு மணி நேரத்தில் ஒரே ஒரு தடவைதான் பகடை உருண்டது. நான் நடத்தியதிலேயே சிறந்த ஆட்டம் அது.

டிராம்பியரின் வாழ்க்கை மனதைப் பிசையும். இந்த விளையாட்டுக்கென்றே வந்த ‘டிராகன்’ பத்திரிகையில் அவர் வரைந்துவந்த ‘வோர்மி’ படக்கதை 1988-இல் பாதியிலேயே நின்றது. அதோடு அந்த உலகத்தை விட்டே விலகிப் போனார். 2002-இல் இல்லினாய் மாநிலம் கார்பன்டேலில் ஒரு மாணவர் பத்திரிகை ராத்திரி டாக்ஸி ஓட்டுநர் ஒருவரைப் பற்றி எழுதியபோதுதான், அது அவர்தான் என்று ரசிகர்களுக்குத் தெரிந்தது. மறுபடி வரையக் கூப்பிட்டவர்களுக்கு அவர் இணங்கவில்லை. 2014 மார்ச்சில் 59 வயதில் காலமானார்.

டோனி டிடெர்லிஸி பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 1994-இல் வந்த ‘பிளேன்ஸ்கேப்’ என்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கதையுலகத்துக்கு அவர் போட்ட பழுப்புக் கோடும் லேசான வண்ணமும் வேறு ஒரு அழகு. என் தங்கையைக் கேட்டால் அவரைத்தான் முதலில் சொல்வாள்.

மாஸ்டர் அந்த ரத்தினத்தைத் திருப்பி வைத்த காட்சியைப் போன தீபாவளிக்கு நானே வரைந்தேன். சாம்பல் நிறத் துணியில் கறுப்பு மட்டும் போட்டு, ஆறு பேருக்கும் ஆறு பனியன் அடித்தேன். சிலையின் ஒரு கண்ணில் மட்டும் மை படாமல் துணியை அப்படியே விட்டிருக்கிறேன்.