கிழித்த தாள்களை எண்ணிப் பார்த்தேன்

அக்கா,

சனிக்கிழமை மகளோடு வந்து உட்கார்ந்ததும் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை, "இவளுக்குப் படிப்பில அக்கறையே இல்ல, எல்லாத்தையும் நாளைக்கு நாளைக்கு எண்டு தள்ளிப்போடுறாள்" என்பதுதான். நீங்கள் வெளியே இருந்த நேரம் அவளுடைய உயிரியல் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன், தலையாட்டினாள்.

120 பக்கக் கொப்பி. முதல் ஆறு பக்கம் அச்சடித்த மாதிரி இருக்கிறது. தலைப்பு சிவப்பு, உபதலைப்பு பச்சை, படங்களின் கோடெல்லாம் அடிமட்டம் வைத்துக் கீறியவை. ஏழாம் பக்கத்தில் இழைமணியின் படம் பாதியில் நிற்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நடுத் தையலில் கிழித்த தாள்களின் ஓரம் துருத்திக்கொண்டிருந்தது. எண்ணினேன், 14. ஓர் எழுத்துப் பிழைத்தாலும் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுகிறாள். அக்கறை இல்லாத பிள்ளை இவ்வளவு தரம் திருப்பி எழுதுமா, அக்கா?

அவளுக்குப் பயம். வடிவாக வராது என்று தோன்றும் நாளில் கொப்பியைத் திறக்கவே மாட்டாள். தொடங்காத வேலையில் யாரும் பிழை பிடிக்க முடியாதல்லவா?

ஆனால் உயர்தரப் பரீட்சை அழகுக்குப் புள்ளி போடுவதில்லை. உயிரியல் முதலாம் பத்திரத்தில் 50 பல்தேர்வு வினா, நேரம் 2 மணித்தியாலம். ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதும் இல்லை. அப்படியிருக்க, போன தவணைப் பரீட்சையில் 11 வினாவை வெறுமையாக விட்டிருக்கிறாள். "ஷுவராத் தெரியல்ல மிஸ்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தாலும் ஐந்தில் ஒன்று சரிவர இடமிருந்தது. பகுதி பகுதியாகக் கேட்கும் அமைப்புக் கட்டுரை வினாவிலும் அப்படித்தான், தெரிந்த பாதியை எழுதினால் அந்தப் பாதிக்குப் புள்ளி உண்டு.

சரி, இனி என்ன செய்வது? கொப்பியின் எல்லாப் பக்கத்துக்கும் நம்பர் போட்டுவிட்டோம், இனிக் கிழித்தால் தெரிந்துவிடும். பேனை ஒன்று, நீலம் மட்டும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் கடந்தகால வினாத்தாளில் 10 வினா, 24 நிமிடம். நேரம் பார்க்கக் குசினி மணிக்கூடு போதும், போனை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மணி முடிந்ததும் நிறுத்திவிட்டு, புள்ளித்திட்டத்தைப் பார்த்துத் திருத்தி, பிழைத்ததைப் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் 20 செய்யப் போக வேண்டாம், அன்றும் 10 தான். அப்பா உப்புவெளியில் கரைவலை இழுப்பதை அவளே சொன்னாள். "நடுவில கயிறை விட்டா வலை மடியில மீன் நிக்குமா?" என்று கேட்டேன். அப்போதுதான் அன்றைக்கு முதல் தரம் சிரித்தாள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இரவில் "முடிச்சிட்டியா" என்று கேட்காமல் "இண்டைக்குத் தொடங்கினியா" என்று மட்டும் கேளுங்கள். டொக்டர் ஆகாவிட்டால் அம்மா ஊருக்குள் தலைகாட்ட மாட்டா என்று அவள் நம்புகிறாள். நீங்கள் அப்படிச் சொன்னீர்களோ இல்லையோ, அவள் காதில் விழுந்தது அதுதான். மருத்துவம் கிடைத்தால் சந்தோஷம். விஞ்ஞானப் பாடநெறிகளுக்கான பல்கலைக்கழக இடங்களை 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கு என்று பிரிக்கிறார்கள், அந்த மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. அது தவறினாலும் நம் கோணேசபுரியில் இருக்கும் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவப் பட்டப்படிப்பு இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியியலும் விவசாயமும் இருக்கின்றன. அவளுக்கு இதில் ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு வருடம் உயிரியல் படித்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு மனவருத்தம்.

இன்னொன்று. நித்திரை இல்லாமல், சாப்பாடு இறங்காமல் இருக்கிறாள் என்று கண்டால் பரீட்சை முடியட்டும் என்று பார்க்காதீர்கள். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டலாம், 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

வரும் சனிக்கிழமை அதே கொப்பியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வெட்டும் திருத்தமுமாக எப்படி இருக்கிறதோ அப்படியே வரட்டும். எனக்குக் காட்டுவதற்காகப் புதிதாகப் பிரதி பண்ண உட்கார்ந்தால், விடாதீர்கள்.